கற்பித்தல் நூல்களுக்கு அறிவியல் ஆசிரியர்களை மதிப்புரை எழுத வைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

அறிவியலை எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று ஆசிரியர்களுக்காகவே எழுதப்படும் நூல்கள் இருக்கின்றன. மாணவர் மனத்தில் ஏற்கெனவே பதிந்திருக்கும் தவறான கருத்துகளை எப்படி வெளியே கொண்டுவருவது, வளரறி மதிப்பீட்டை (பாடம் நடக்கும்போதே மாணவர் புரிதலை அறியும் மதிப்பீடு) எப்படி நடத்துவது, ஆய்வகத்தில் குழுக்களை எப்படிப் பிரிப்பது என்று பேசுபவை. இவற்றை எடை போடச் சரியான ஆள் ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் ஆசிரியர்தான். ஆனால் அவர் கையில் நூலைக் கொடுத்து "ஒரு கருத்து எழுதித் தாங்க சார்" என்று கேட்டால், முன்னுரையின் சுருக்கம்தான் திரும்பி வரும்.

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு, அம்பாசமுத்திரம் முதல் ராதாபுரம் வரை உள்ள ஆசிரியர்களோடு சில ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்து வருகிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன். எனக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. வகுப்பில் போட்டுப் பார்க்காமல் மதிப்புரையில் ஒரு வரிகூட எழுதக் கூடாது. கீழே உள்ள வரிசை முழுக்க அதற்காக அமைந்தது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நூலுக்கு இரண்டு படிகளாவது வேண்டும். ஒன்று ஆசிரியர்களிடையே சுற்றும். மற்றொன்று உங்களிடமே இருக்கும். "62ஆம் பக்கத்துல இரண்டாவது பத்தி புரியல" என்று இரவில் அழைப்பு வரும்போது நீங்களும் அதே பக்கத்தைத் திறந்தால்தான் பேச முடியும்.

நூல் முழுவதையும் ஜெராக்ஸ் போட்டுக் கொடுப்பது பலரும் செய்யும் தவறு. மதிப்புரைக்காக நியாயமான அளவு எடுத்தாளுவதை 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில் அனுமதிக்கிறது. அதை வைத்துக்கொண்டு மொத்த நூலையும் நகலெடுத்து ஆளுக்கொன்றாகக் கொடுக்க முடியாது.

கூடும் இடம் நெல்லை சந்திப்பு ரயில் நிலையத்துக்கோ வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையத்துக்கோ பக்கத்தில் இருக்கட்டும். சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சிக்காரர்கள் செங்கோட்டை ரயிலில் வந்துவிடுவார்கள். வள்ளியூர், நாங்குநேரிக்காரர்கள் வேய்ந்தான்குளத்தில் இறங்குவார்கள். ஒரு சனிக்கிழமையில் மூன்று பேருந்து மாற வேண்டியிருந்தால் இரண்டாவது கூட்டத்துக்கு யாரும் வர மாட்டார்கள். பேருந்துச் செலவையும் டீச் செலவையும் யார் ஏற்பது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

2. யாருக்காக எழுதுகிறோம் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

நாங்கள் வைத்திருக்கும் வாக்கியம் இது: "தமிழ்வழியில் பத்தாம் வகுப்பு எடுக்கும், ஆய்வகத்தில் குறைந்த பொருள்களே உள்ள ஓர் ஆசிரியர் இந்த நூலைக் காசு கொடுத்து வாங்கலாமா?"

இதை அச்சிட்டு ஒவ்வொரு நூலின் முதல் பக்கத்திலும் ஒட்டிவிடுகிறோம். இது இல்லாதபோது ஆசிரியர்கள் தங்களை அறியாமலே நூலாசிரியரை நோக்கி எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். பெரிய பேராசிரியர், வெளிநாட்டுப் பதிப்பகம் என்றதும் கை கூப்பிவிடுகிறது. பக்கத்துப் பள்ளி ஆசிரியரை நினைத்து எழுதினால் அந்தத் தயக்கம் போய்விடும்.

3. நாட்காட்டியை முதலில் போடுங்கள், நூலை அப்புறம் தேடுங்கள்

தொடங்கிய வருடம் நாங்கள் ஜனவரியில் நூல்களைக் கொடுத்தோம். அரையாண்டுத் தேர்வு முடிந்து, திருப்புதல் தேர்வு, செய்முறைத் தேர்வு, பொதுத்தேர்வு என்று ஓடும் காலம் அது. நூல்கள் ஜூனில் திரும்பி வந்தபோது பல பக்கங்கள் விரிக்கப்படவே இல்லை. தவறு முழுக்க எங்களுடையது.

இப்போது நாங்கள் பின்பற்றும் வரிசை இது. ஏப்ரல் கடைசியில், விடைத்தாள் திருத்தும் வேலை முடியும் தறுவாயில் நூல் கைக்குப் போய்ச் சேர வேண்டும். மே மாதம் படிப்புக்கு. பள்ளி திறந்து இரண்டு வாரம் கழித்து, ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை வகுப்பில் சோதனை. காலாண்டு விடுமுறையில் எழுத்து. அக்டோபரில் தொகுப்பு.

அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிப் பக்கம் சில ஆசிரியர்களுக்கு வயல் உண்டு. கார் பருவ நெல் நடவு நடக்கும் வாரத்தில் சனிக்கிழமைக் கூட்டம் வைக்காதீர்கள். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்ட நாளும் அப்படியே. இதையெல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டு தேதி போட்டால், வருகிறேன் என்று சொன்னவர் வருவார்.

4. ஆசிரியர்களைத் தேர்ந்தெடுப்பது

ஒரு நூலுக்கு நான்கு அல்லது ஐந்து பேர் போதும். பத்துப் பேரைச் சேர்த்தால் ஒவ்வொருவரும் மற்றவர் எழுதுவார் என்று இருந்துவிடுவார்கள்.

நன்றாக எழுதக்கூடியவர்களைத் தேடிப் போவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. எழுத்தை நீங்கள் பின்னால் திருத்திக்கொள்ளலாம். வகுப்பறை அனுபவத்தை உங்களால் சேர்க்க முடியாது. அதனால் ஆள் தேடும்போது நான் கவனிப்பவை வேறு.

முதலாவது, அவர் எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவர் என்பது. ஒன்பதிலும் பத்திலும் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் ஒரே அறிவியல் பாடநூலில் வருகின்றன. பல பள்ளிகளில் ஒரே பட்டதாரி ஆசிரியர்தான் மூன்றையும் நடத்துகிறார். விலங்கியல் படித்தவர் மின்னோட்டவியலை நடத்துகிறார், இயற்பியல் படித்தவர் மரபியலை நடத்துகிறார். கற்பித்தல் நூலின் அருமை அதிகம் தெரிவது அங்கேதான். ஆகவே ஒவ்வோர் அத்தியாயத்தையும் இரண்டு பேரிடம் கொடுக்கிறோம்: அந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவர் ஒருவர், பெறாதவர் ஒருவர். இருவர் குறிப்பும் ஒன்றாக வருவது அரிது. அந்த வேறுபாடே மதிப்புரைக்கு நல்ல சரக்கு.

இரண்டாவது, பள்ளி. பாளையங்கோட்டையின் பெரிய உதவிபெறும் பள்ளிகளிலிருந்து மட்டும் ஆள் எடுத்தால், ஆய்வகமும் ஆய்வக உதவியாளரும் உண்டு என்ற எண்ணத்திலேயே மதிப்புரை அமைந்துவிடும். களக்காடு, திசையன்விளைப் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றிலிருந்து ஒருவராவது வேண்டும்.

மூன்றாவது, பணியில் எத்தனை ஆண்டுகள் என்பது. இருபது ஆண்டு அனுபவமுள்ளவர் நூலில் இல்லாததையும் தன் அனுபவத்தால் நிரப்பிக்கொண்டு "தெளிவாகத்தான் இருக்கிறது" என்பார். பணியில் சேர்ந்து மூன்று ஆண்டு ஆனவருக்குத்தான் எந்தப் படி விடுபட்டிருக்கிறது என்று தெரியும்.

"போர்ஷனே முடியல சார், இதுக்கு எங்க போக?" என்று ஒருவர் கேட்டால் அவரை விட்டுவிடாதீர்கள். அது நியாயமான கேள்வி. ஒரே ஓர் அத்தியாயம், இரண்டு பாடவேளை, ஒரு பக்க எழுத்து, அவ்வளவுதான் உங்கள் பங்கு என்று அளவைச் சொல்லுங்கள். அளவு தெரிந்தால் பாதிப் பேர் சரி என்பார்கள்.

5. நூலைத் தேர்ந்து பங்கு பிரிப்பது

வகுப்பில் செய்து பார்க்க ஏதாவது ஒரு வழி உள்ள நூலாகப் பாருங்கள். கொள்கை மட்டும் பேசும் நூலை இந்த முறையில் மதிப்பிட முடியாது. அதற்கு வேறு ஆட்களும் வேறு வழியும் வேண்டும்.

முழு நூலையும் எல்லோரும் படிக்க வேண்டாம். முன்னுரையும் முதல் அத்தியாயமும் எல்லோருக்கும் பொது. ஏனென்றால் நூல் தனக்கென்று வைத்திருக்கும் சொற்களை அங்கேதான் விளக்கியிருக்கும். அதற்கு மேல் ஒருவருக்கு ஓர் அத்தியாயம். அந்த அத்தியாயம் ஜூலை, ஆகஸ்டில் அவர் நடத்தப்போகும் பாடத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். டிசம்பரில் வரும் பாடத்துக்கான அத்தியாயத்தைக் கொடுத்தால் அவரால் சோதிக்க முடியாது, கற்பனையில்தான் எழுதுவார்.

பெரும்பாலான நூல்கள் ஆங்கிலத்தில்தான் கிடைக்கின்றன. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை என்று முதலிலேயே பேசிவிடுங்கள். தயங்குகிறவரை ஆங்கில ஆசிரியர் ஒருவரோடு சேர்த்து உட்கார வைத்தால் ஓர் அத்தியாயம் இரண்டு மாலையில் முடிந்துவிடும். மதிப்புரை தமிழில்தான் என்பதை மட்டும் மாற்றாதீர்கள்.

6. முதல் கூட்டம்: எல்லோரும் ஒரே ஐந்து பக்கம்

பங்கு பிரித்த உடனே வீட்டுக்கு அனுப்பாதீர்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து, எல்லோரும் ஒரே ஐந்து பக்கத்தைப் படித்து, ஆளுக்கு மூன்று வரி எழுதட்டும். பிறகு வாசித்துப் பாருங்கள். "பயனுள்ள பகுதி" என்று ஒருவர் எழுதியிருப்பார். யாருக்குப் பயன், எந்த வகுப்பில், எந்தப் பாடத்தில் என்று மற்றவர்கள் கேட்பார்கள். இந்தக் கேள்விகளை ஒருமுறை காதால் கேட்டவர் பிறகு அப்படி எழுதுவதில்லை. நான் எத்தனை முறை படிவத்தில் எழுதிக் கொடுத்தும் நடக்காதது இந்த ஒரு மணி நேரத்தில் நடந்தது.

7. படிக்கும்போது மூன்றே அடையாளம்

பென்சிலால் ஓரத்தில் மூன்று வகைக் குறி போதும். செய்து பார்க்கலாம் என்று தோன்றுவதற்கு ஒன்று. நம் வகுப்பில் நடக்காது என்று தோன்றுவதற்கு ஒன்று. புரியாததற்கு ஒன்று. "நல்லது" என்பதற்குக் குறி கிடையாது. அதை வைத்தால் எல்லாப் பக்கத்திலும் அதுதான் இருக்கும்.

நடக்காது என்று குறித்தவற்றிலும் ஒன்றையாவது சோதனைக்கு எடுக்கச் சொல்லுங்கள். நடக்காது என்று நினைத்த பல நடந்திருக்கின்றன.

8. வகுப்பில் போட்டுப் பார்ப்பது

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். இதற்கென்று தனி வகுப்பு நடத்தக் கூடாது. வழக்கமான 40 நிமிடப் பாடவேளையில், வழக்கமான பிள்ளைகளோடு நடக்க வேண்டும். நன்றாகப் படிக்கும் பத்துப் பேரை மாலையில் உட்கார வைத்துச் செய்தால் எந்த நூலும் வெற்றி பெறும்.

முதல் சோதனைக்குச் செலவே இல்லாத ஒன்றை எடுங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் கவனித்துச் சொன்னது இது: ஆசிரியர் கேள்வி கேட்டபின் ஏறத்தாழ ஒரு விநாடியில் அடுத்தவரிடம் போய்விடுகிறார். மூன்று விநாடியாவது காத்திருந்தால் பதில்கள் நீளமாகின்றன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள். கற்பித்தல் நூல்கள் பலவற்றில் இந்த யோசனை ஏதோ ஒரு வடிவில் வரும். எங்கள் குழுவில் ஓர் ஆசிரியை இதைச் செய்துவிட்டு வந்து, "மூணு விநாடி பேசாம நிக்கதுதான் சார் கஷ்டமா இருந்துச்சு" என்றார். அந்த வரியை அப்படியே மதிப்புரையில் சேர்த்தோம். நூலில் அது எழுதப்பட்டிருக்கவில்லை.

அடுத்து, பொருள் தேவைப்படும் ஒன்று. மின்னோட்டம் பற்றிய அத்தியாயம் என்று வைத்துக்கொள்வோம். பல்புக்குள் நுழையும் மின்னோட்டம் அதிகமா, வெளியே வருவது அதிகமா என்று கேட்டு, முதலில் விடையையும் காரணத்தையும் எழுத வைத்து, பிறகு அம்மீட்டரால் அளந்து காட்டச் சொல்கிறது நூல். பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடுகிறது என்று நம்பும் பிள்ளைகள் நிறைய. இரண்டு பக்கமும் ஒரே அளவு காட்டும்போது அவர்கள் முகம் மாறும். முன்கூட்டியே எழுத வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. எழுதாவிட்டால் முடிவைப் பார்த்தபின் "நானும் அதைத்தான் நினைச்சேன்" என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள்.

நூல் நான்கு பேர் கொண்ட ஆறு குழு என்கிறது. நம் வகுப்பில் 48 பேர் இருந்தால் பன்னிரண்டு குழு. வேலை செய்யும் அம்மீட்டர் மூன்றுதான் என்றால் ஆசிரியர் என்ன செய்தார்? ஒன்றை மேசையில் வைத்து, எல்லோரும் விடை எழுத, இருவரை அழைத்து அளக்கச் சொன்னாரா? அதில் எது போயிற்று, எது நின்றது? மதிப்புரைக்கு நாம் தேடுவது இந்தத் தகவலைத்தான்.

பாடவேளை முடிந்த அன்றே ஐந்து குறிப்பு எழுதச் சொல்லுங்கள். எந்தப் பக்கம், எந்த வகுப்பு, எத்தனை பேர். நூலில் உள்ளதில் எதை மாற்றினார். எந்த இடத்தில் வகுப்பு தடுமாறியது. ஒரு பிள்ளை சொன்ன பதில், சொன்ன மொழியிலேயே, பெயர் இல்லாமல். மறுபடி இதைச் செய்வாரா. இரண்டு நாள் தள்ளிப்போட்டால் "பிள்ளையெல்லாம் நல்லா ரசிச்சுது சார்" என்பது மட்டும்தான் நினைவில் மிஞ்சும்.

சோதனை தோற்றால் அதையும் எழுத வேண்டும். இதைச் சொல்லாவிட்டால் ஆசிரியர்கள் தோல்வியைத் தங்கள் குறை என்று எண்ணி மறைத்துவிடுகிறார்கள். சொல்லிவிட்டால் மனம் திறந்து எழுதுகிறார்கள்.

9. நூல் பிறந்த ஊரும் நம் ஊரும்

வேறு நாட்டில் எழுதிய நூலின் அறிவியல் சரியாகவே இருக்கும். ஆனாலும் இங்கே பொருந்தாமல் போகலாம். இதைத் தேடிப் பார்க்க ஒருவரைத் தனியாக நியமியுங்கள்.

நிழல் அளக்கும் செயல்பாடு ஓர் உதாரணம். நண்பகல் சூரியன் தெற்கே நிற்கும், குச்சியின் நிழல் வடக்கே விழும் என்று நூல் சொல்லும். மிதவெப்ப மண்டலத்து வடக்கு நாடுகளுக்கு அது ஆண்டு முழுவதும் சரி. நெல்லை ஏறத்தாழ 8.7 பாகை வடக்கு அட்சத்தில் இருக்கிறது. இங்கே ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் உச்சிக்கு நேர் மேலே வந்துவிடும். இடைப்பட்ட மாதங்களில் வடக்கே சாய்ந்து நிற்கும். ஜூலையில் இந்தச் செயல்பாட்டைச் செய்தால் நிழல் தெற்கே விழும். ஆசிரியருக்கு முன்பே தெரிந்திருந்தால் அது அருமையான பாடம். தெரியாவிட்டால் வகுப்பின் முன்னால் திகைத்து நிற்க வேண்டியதுதான்.

நிலைமின்சாரச் செயல்பாடுகளும் இப்படித்தான். சீப்பைத் தேய்த்துக் காகிதத் துணுக்குகளை ஈர்ப்பது ஜூலையின் வறண்ட காற்றில் நெல்லையில் நன்றாக வரும். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் ஈரம் மின்னூட்டத்தைக் கசியவிட்டுவிடும். சாரல் காலத்தில் தென்காசிப் பள்ளிகளிலும் அதே கதைதான். எந்த மாதத்தில் செய்தோம் என்பதை மதிப்புரையில் எழுதுங்கள்.

ஒளிச்சேர்க்கைக்கு நூல் சொல்லும் நீர்த்தாவரம் கிடைக்காவிட்டால் நம் குளத்திலும் கால்வாயிலும் உள்ள வேலம்பாசி போதும். மாற்று எது என்று எழுதும் மதிப்புரைக்கு மதிப்பு அதிகம்.

பாதுகாப்பை மட்டும் ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். இலையில் ஸ்டார்ச் சோதிக்க, ஆல்கஹாலில் இலையைச் சூடாக்கிப் பச்சையம் நீக்கும் படி வரும். மின்சாரச் சூடேற்றித் தட்டு இருக்கும் ஆய்வகத்தை நினைத்து நூல் எழுதப்பட்டிருக்கும். நம்மிடம் இருப்பது சாராய விளக்கு. திறந்த சுடருக்கு மேல் ஆல்கஹாலை வைத்தால் ஆவி பற்றிக்கொள்ளும். நீரைத் தனியாகக் கொதிக்க வைத்து, சுடரை அணைத்துவிட்டு, அந்த வெந்நீருக்குள் ஆல்கஹால் உள்ள சோதனைக்குழாயை நிறுத்த வேண்டும். நூலில் இந்த எச்சரிக்கை இல்லையென்றால் மதிப்புரையின் முதல் பத்தியிலேயே அதைச் சொல்லிவிடுங்கள்.

10. எழுதுவது

சோதனைக் குறிப்பை முன்னால் வைத்துக்கொண்டு எழுத வேண்டும், நூலை அல்ல. வகுப்பில் நடந்தது முதலில். நூல் என்ன சொல்கிறது என்பது இரண்டாவது. வாங்கலாமா என்பது கடைசி. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் மறுபடியும் முன்னுரைச் சுருக்கத்தில்தான் போய் நிற்கும்.

ஒருவருக்கு ஒரு பக்கம், அதாவது 250 சொல் அளவு. பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25 என்ற மதிப்பெண் கணக்கு ஒவ்வோர் ஆசிரியர் மனத்திலும் ஓடிக்கொண்டிருக்கிறது. நூலின் முறை தேர்வுக்கு உதவுமா என்று ஒரு வரி எழுத அனுமதியுங்கள். ஒரு வரிதான். அதற்கு மேல் விட்டால் மதிப்புரை வினா வங்கிக்கான பரிந்துரையாகிவிடும்.

நட்சத்திரம், மதிப்பெண் வேண்டாம். மெல்லக் கற்போர் உள்ள வகுப்பில் நன்றாக வந்து, மற்றொரு வகுப்பில் தோற்ற முறைக்கு எத்தனை நட்சத்திரம் போடுவது?

11. தொகுத்து வெளியிடுவது

நான்கைந்து பேர் எழுதியதை ஒரே குரலாக மாற்ற முயலாதீர்கள். யார் எந்த அத்தியாயம், எந்த வகைப் பள்ளி என்று தனித்தனியாகத் தெரியட்டும். இருவர் முரண்பட்டால் இரண்டையும் போடுங்கள்.

மொழியைத் திருத்தியபின் எழுதியவரிடம் திருப்பிக் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். நான் ஒருமுறை அவசரத்தில் இதை விட்டுவிட்டேன். "பாதிப் பிள்ளைகளுக்குப் புரிந்தது" என்று அவர் எழுதியிருந்ததை "பெரும்பாலோருக்குப் புரிந்தது" என்று ஆக்கியிருந்தேன். அவர் வருத்தப்பட்டது முழுக்க நியாயம்.

பதிப்பகம் இலவசமாகத் தந்த படியா, காசு கொடுத்து வாங்கியதா என்பதை மதிப்புரையின் தலைப்புக்குக் கீழேயே எழுதுங்கள். வெளியிடும் முன் பதிப்பகத்துக்கு அனுப்பிக் காட்ட வேண்டாம். அரசுப் பள்ளி ஆசிரியர் தன் பெயரில் வெளியிடுவதாக இருந்தால் முதலில் தலைமையாசிரியரிடம் பேசி, துறை அனுமதி வேண்டுமா என்று தெளிவாக்கிக்கொள்ளட்டும். பிள்ளைகளின் படமோ பெயரோ எந்த இடத்திலும் வரக் கூடாது.

எல்லாம் முடிந்ததும் ஐந்து குறிப்புத் தாள்களையும் நூலின் பின்னட்டைக்குள் செருகி வைத்து, அடுத்த ஏப்ரலில் அந்த நூலைக் கேட்கும் ஆசிரியரிடம் தாள்களோடு சேர்த்தே கொடுங்கள். அவர் தன் வகுப்பில் அதே பக்கத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, ஆறாவது தாளை எழுதி உள்ளே வைப்பார்.